ஆம்புலன்ஸ் உங்கள் வாசலுக்கே வந்து நிற்க: குடியிருப்புக்கு ஒரு பக்க ‘அவசரத் தாள்’ தயாரிப்பது எப்படி?

போன வருடம் ஒரு நள்ளிரவில், எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நான்தான். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, சைரன் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆனால் அது பின்பக்க மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. அங்கே ஒரு கேட் இருக்கிறது, பல வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. டிரைவர் ஊரைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வர இன்னும் 11 நிமிடம் ஆனது. போனில் இருந்த அழைப்புப் பட்டியலை வைத்துப் பிறகு கணக்குப் பார்த்தேன்.

பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிவு. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அன்று அவருக்கு மாரடைப்பு வந்து இதயமே நின்றிருந்தால்? இதயம் நின்றவருக்கு உதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பது மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தக் கணக்கில் 11 நிமிடம் என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் தயாரித்ததுதான் இந்தத் தாள். ஒரே பக்கம். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூவருக்கும் பொதுவானது. ஒரு வார இறுதி போதும்.

படி 1: எண்களை எழுதுங்கள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. இந்தியா என்றால் 112. இலங்கையில் போலீஸுக்கு 119, ஆம்புலன்ஸுக்கு 1990, தீயணைப்புக்கு 110. சிங்கப்பூரில் போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995. மலேசியாவில் 999. பிரிட்டனில் 999 அல்லது 112. அமெரிக்கா, கனடாவில் 911. ஐக்கிய அரபு அமீரகத்தில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998, தீயணைப்பு 997. உங்கள் இடத்துக்கு உரியதை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். மற்ற ஊர் எண்களையும் சேர்த்தால் பதற்றத்தில் குழப்பம்தான் மிஞ்சும்.

அவசர அழைப்புக்குத் தனி எண் வந்த கதையே ஒரு தாமதத்தில் தொடங்கியது. 1935-இல் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீட்டில் தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் தீயணைப்புக்குப் போன் செய்தும், அவருடைய அழைப்பு எக்ஸ்சேஞ்சில் வரிசையில் காத்துக்கிடந்தது. அந்தக் கோபத்தின் விளைவாகத்தான் 1937-இல் 999 வந்தது.

படி 2: இடத்தைச் சொல்லும் வரி

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அன்று நான் வீட்டுக்குள் நின்றபடி வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினேன். மேப் செயலி என்ன செய்யும்? நீங்கள் காட்டும் புள்ளிக்கு மிக அருகில் எந்தச் சாலை இருக்கிறதோ அங்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும். எங்கள் பிளாக்குக்கு முன்பக்க மெயின் ரோட்டைவிடப் பின்பக்கச் சந்துதான் கிட்டம். நடுவில் சுவர் இருப்பது மேப்புக்குத் தெரியாது. வண்டி சந்துக்குப் போனதில் டிரைவர் மேல் தவறே இல்லை.

அதனால் முதல் விதி: புள்ளியை வீட்டில் வைக்காதீர்கள், வண்டி நுழைய வேண்டிய கேட்டில் வையுங்கள். போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ் போய் நில்லுங்கள். மேப்பில் உங்களைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் தெரியும். அது சுருங்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். திறந்த வெளியில் சாதாரண ஸ்மார்ட்போன் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இடத்தைக் காட்டும். கான்கிரீட் கூரைக்கு அடியில் அந்தத் துல்லியம் கிடைக்காது. வட்டம் சுருங்கியதும் அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் எழுதினால் போதும், அதுவே சுமார் ஒரு மீட்டர் துல்லியம்.

அந்த எண்களைப் படிக்கும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. 10.1530 என்பதை யாராவது ‘10 டிகிரி, 15 நிமிடம், 30 விநாடி’ என்று எடுத்துக்கொண்டால் இடம் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். எனவே ‘பத்து புள்ளி ஒன்று ஐந்து மூன்று பூஜ்யம்’ என்று எழுத்தாலும் எழுதி வையுங்கள். அட்சரேகைதான் முதலில் வரும்.

இரண்டாவது விதி: போனில் பேசும்போது முதலில் அடையாளத்தைச் சொல்லுங்கள், எண் அப்புறம். அடையாளம் என்றால் இருட்டிலும் தெரிய வேண்டும், அடுத்த வருடமும் அங்கேயே இருக்க வேண்டும். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, பாலம், பள்ளிக்கூடம், மின்கம்பத்தின் எண் எல்லாம் நல்லவை. ‘மஞ்சள் பெயின்ட் அடித்த வீடு’ இரவில் உதவாது. இடப்பக்கம், வலப்பக்கம் என்று எழுதினால் எங்கிருந்து வரும்போது என்பதையும் எழுதுங்கள். எங்கள் தாளில் இருக்கும் வரி இது: ‘மெயின் ரோட்டில் பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் இரண்டாவது திருப்பம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நீலக் கேட், பின்பக்கச் சந்தில் வழி இல்லை.’ கடைசியில் இருக்கும் ‘வழி இல்லை’ என்ற இரண்டு சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மூன்று சொல்லில் இடத்தைச் சொல்லும் செயலியைப் பற்றிப் பலர் கேட்டார்கள். வாட்த்ரீவேர்ட்ஸ் உலகத்தையே மூன்று மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொல் கொடுத்திருக்கிறது. பிரிட்டனில் பல கட்டுப்பாட்டு அறைகள் அதைப் பயன்படுத்துகின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பதற்றத்தில் ஆங்கிலச் சொல்லைப் போனில் சொல்லும்போது கடைசி ‘ஸ்’ ஒலி விழுந்துவிட்டால் இடமே வேறாகிவிடும். கூகுள் மேப்பில் வரும் பிளஸ் கோடு (இடத்தைச் சில எழுத்தும் எண்ணுமாகச் சொல்லும் குறியீடு) பரவாயில்லை, அது யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த முறை, காசும் இல்லை. ஆனாலும் என் வரிசை அடையாளம், எண், அப்புறம்தான் மற்றவை.

பிற்சேர்க்கை: ‘அவசர எண்ணை அழைத்தால் போனே இடத்தைத் தானாக அனுப்பிவிடுமே’ என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஏ.எம்.எல். என்ற அந்த வசதி 2014-இல் பிரிட்டனில் தொடங்கியது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. ஆனால் அந்தந்த நாட்டின் அவசரச் சேவை அதை ஏற்பாடு செய்திருந்தால் மட்டுமே வேலை செய்யும். அப்படியே வேலை செய்தாலும் போன் இருக்கும் இடத்தைத்தான் அது சொல்லும், கேட் எந்தப் பக்கம் என்று சொல்லாது.

படி 3: டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

தீயணைப்பு வண்டி உள்ளே வர எவ்வளவு அகலம் வேண்டும்? நாட்டுக்கு நாடு விதி மாறும். நான் ஒரு அளவுகோலாக எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டியை: சாலைக்கு 3.7 மீட்டர், கேட்டுக்கு 3.1 மீட்டர், தலைக்கு மேலே 3.7 மீட்டர் இடைவெளி. எங்கள் கேட் 4 மீட்டர். அப்பாடா என்று நினைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் போய் அளந்தால், இரண்டு பக்கமும் நிறுத்திய பைக்குகள் போக மிஞ்சியது 2.6 மீட்டர். அளவெடுப்பதை இரவில் செய்யுங்கள்.

லிஃப்ட்டையும் அளக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் சுமார் இரண்டு மீட்டர் நீளம். படுக்கவைத்த நிலையில் உள்ளே போகாது என்றால் ‘படிக்கட்டு வழிதான்’ என்று தாளில் எழுதிவிடுங்கள். ஆட்களைக் கூடுதலாக அழைக்க வேண்டுமா என்று அவர்கள் அப்போதே முடிவு செய்வார்கள்.

பிறகு இவை: மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, கேஸ் சிலிண்டர்கள் எங்கே, மொட்டை மாடிச் சாவி யாரிடம். எங்கள் பின் கேட் சாவி கடைசியில் மீட்டர் பெட்டிக்குள் துருப்பிடித்துக் கிடைத்தது. இப்போது இரண்டு நகல்கள் எடுத்து இரண்டு வீட்டில் கொடுத்திருக்கிறோம்.

படி 4: பேசுவதற்கு ஆறு கேள்வி

பிரிட்டனில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் பெரிய விபத்தைப் பற்றித் தகவல் சொல்ல ஒரே வரிசையைப் பின்பற்றுகின்றன. அதற்குப் பெயர் ‘மீத்தேன்’, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தது. ஒருவர் சொன்னதை மற்றவர் வேறு மாதிரிப் புரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் இந்தப் பொது வரிசை. நம்மைப் போன்றவர்களுக்கு அதை இப்படிச் சுருக்கிக்கொண்டேன்:

எந்த இடம்? என்ன நடந்தது? இன்னும் என்ன ஆபத்து இருக்கிறது (புகை, அறுந்த மின்கம்பி, கேஸ் வாசனை)? எந்த வழியாக வரலாம்? எத்தனை பேருக்கு அடி? யார் யார் ஏற்கனவே வந்திருக்கிறார்கள்?

இடம் ஏன் முதலில்? நடுவில் இணைப்பு அறுந்துபோனாலும் வண்டியை அனுப்ப அது ஒன்று போதும்.

அப்புறம் ஒரு விஷயம். அவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்கும்போது ‘முதலில் வண்டியை அனுப்புங்கள்’ என்று கத்தத் தோன்றும். நானும் கத்தினேன். பெரும்பாலான கட்டுப்பாட்டு அறைகளில் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வண்டியைக் கிளப்பிவிடுவார். பதில் சொல்வதால் வண்டி தாமதமாகாது. அவர்களே வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். வயதுவந்த ஒருவர் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் மார்பின் நடுவில் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தச் சொல்வார்கள். எண்ணிக்கையை அவர்களே போனில் சொல்லித் தருவார்கள்.

பிற்சேர்க்கை: காது கேளாத தன் அக்காவுக்கு இந்தப் படி எப்படிப் பயன்படும் என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். இதை நான் யோசிக்காமல் விட்டது பெரிய குறை. பல நாடுகளில் எஸ்.எம்.எஸ். அல்லது செயலி வழி இருக்கிறது, ஆனால் சிலவற்றில் முன்பதிவு வேண்டும். பிரிட்டனில் 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி, போனை முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்குத்தான். இன்றே பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள். அப்படியானவர்கள் இருக்கும் வீட்டு எண்ணையும், அவர்கள் சம்மதித்தால், தாளில் குறியுங்கள்.

படி 5: தாளை மூன்று இடத்தில் நேரில் கொடுங்கள்

காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், ஆம்புலன்ஸ் நிற்கும் இடம். கூட்டம் குறைவான நேரத்தில் இரண்டு நகலோடு போங்கள். மெயிலில் அனுப்புவதைவிட இதுதான் நல்லது. ஏனென்றால் தாளைப் பார்த்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகள்தான் உங்களுக்குப் பாடம்.

தீயணைப்புக்காரர் ‘தண்ணீர் எங்கே?’ என்று கேட்டார். ஆம்புலன்ஸில் இருந்த பெண் லிஃப்ட்டைப் பற்றிக் கேட்டார். காவல் நிலையத்தில் ஒரு அதிகாரி நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்: ‘கேமரா ரெக்கார்டர் எந்த அறையில், எத்தனை நாள் பதிவு நிற்கும், அதில் ஓடும் கடிகாரம் சரியா?’ திரும்பி வந்து பார்த்தால் ரெக்கார்டர் கடிகாரம் 17 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஒரு திருட்டு நடந்தால் அந்த 17 நிமிடம் விசாரணையையே திசை திருப்பிவிடும். மாதம் ஒருமுறை அதைச் சரிபார்ப்பது இப்போது எங்கள் வாட்ச்மேன் அண்ணனின் பொறுப்பு.

ரோந்து எந்த நிலையத்திலிருந்து வருகிறது, நிலையத்தின் லேண்ட்லைன் எண் என்ன என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு அதிகாரியின் சொந்த மொபைல் எண்ணை நம்பி இருக்காதீர்கள், அவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

படி 6: வாட்ஸ்அப் குழுவுக்கு விதி

குழு வேண்டும். ஆனால் முதலில் அவசர எண், அப்புறம்தான் குழு. ‘யாராவது போன் செய்தீர்களா?’ என்று இருபது பேர் குழுவில் கேட்டுக்கொண்டிருக்க, ஒருவரும் போன் செய்யாமல் இருப்பது நடக்கிற விஷயம். அழைத்தவர் ‘அழைத்துவிட்டேன்’ என்று எழுத வேண்டும், இன்னொருவர் ‘கேட்டுக்குப் போகிறேன்’ என்று எழுத வேண்டும். மற்றவர்கள் அமைதி.

இன்னொரு விதியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முன்பின் தெரியாதவர் ஒருவரைப் படமெடுத்து ‘சந்தேகத்துக்குரிய ஆள்’ என்று போடக்கூடாது. 2018-இல் குழந்தை கடத்தல் வதந்திகள் வாட்ஸ்அப்பில் பரவி, இந்தியாவில் பல இடங்களில் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். மகாராஷ்டிராவின் ராயின்பாடா கிராமத்தில் மட்டும் ஒரே நாளில் ஐந்து பேர். அந்த ஆண்டுதான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு (தனிநபரோ குழுவோ) மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது. சந்தேகம் இருந்தால் போலீஸுக்குச் சொல்லுங்கள். யாரையும் மறித்து விசாரிப்பது நம் வேலை இல்லை.

படி 7: ஒத்திகை

அவசர எண்ணுக்குச் சும்மா போன் செய்து சோதிக்கக் கூடாது. உண்மையில் உதவி தேவைப்படும் ஒருவரின் வரியை அது அடைக்கும். அதற்குப் பதில், உங்கள் வீட்டுக்கு இதுவரை வராத நண்பர் ஒருவரை இரவு எட்டு மணிக்குமேல் வரச்சொல்லுங்கள். தாளில் எழுதியதை மட்டும் போனில் படித்துக் காட்டுங்கள். ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லாதீர்கள்.

எங்கள் நண்பர் பாலத்தைத் தாண்டினார், முதல் திருப்பத்திலேயே திரும்பிவிட்டார். ஏனென்று போய்ப் பார்த்தால், இரண்டாவது திருப்பத்தில் இருந்த பெயர்ப்பலகையை வேப்பங்கிளை முழுக்க மறைத்திருந்தது. தினமும் அந்த வழியே போகிற எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் கிளையை வெட்டினோம், பலகையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினோம். அடுத்த வாரம் வேறொரு நண்பரை வரச்சொன்னோம். நேராக நீலக் கேட்டில் வந்து நின்றார். அதன் பிறகுதான் தாளை லேமினேட் செய்து, கீழ் மூலையில் தேதி போட்டு, ஒவ்வொரு தளத்திலும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினோம்.