ஐ2சி பஸ்: புல்-அப்பை அளந்துவிட்டு இணையுங்கள்

ஐ2சி என்பது கன்ட்ரோலரும் சென்சார்களும் இரண்டே லைன்களில் பேசிக்கொள்ளும் பஸ். அதில் சிப்களால் எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்) லைன்களைக் கீழே, அதாவது 0-வுக்கு, இழுக்க மட்டுமே முடியும்; மேலே தூக்குவது, லைனை விசிசி-யுடன் (சப்ளை வோல்டேஜ்) இணைக்கும் புல்-அப் ரெசிஸ்டர். சென்சார் போர்டுகள் பலவற்றில் அது ஏற்கெனவே இருக்கும். 4.7 கிலோ ஓம் உள்ள ஐந்து போர்டுகளை ஒரே பஸ்ஸில் கோர்த்தால், அவை பேரலலாகச் சேர்ந்து மொத்தம் 940 ஓம்தான். 3.3 வோல்ட்டில் லைனை 0.4 வோல்ட்டுக்கு இறக்க 3 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். பல சிப்களுக்கு உத்தரவாதமே அவ்வளவுதான். ஓரிரு போர்டுகளில் மட்டும் ரெசிஸ்டரை விட்டுவிட்டு மற்றதைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிடுங்கள். பவரை அணைத்து, எஸ்டிஏ-வுக்கும் விசிசி-க்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் மொத்த மதிப்பு தோராயமாகத் தெரியும்.

புல்-அப் மதிப்பு அதிகமானாலும் வம்புதான். 10 கிலோ ஓமும் 100 பிகோஃபாரட் லைனும் சேர்ந்தால் எழும் நேரம் (லைன் கீழிருந்து மேலே போக ஆகும் நேரம்) சுமார் 850 நானோசெகண்ட். 100 கிலோஹெர்ட்ஸுக்குப் பரவாயில்லை. 400 கிலோஹெர்ட்ஸுக்கு வரம்பு 300 நானோசெகண்ட். அங்கே 2.2 கிலோ ஓம் போடுங்கள்.

படிக்கும்போது பாதியில் கன்ட்ரோலர் ரீசெட் ஆகி, எஸ்டிஏ 0-விலேயே நிற்கிறதா? (சென்சார்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.) கன்ட்ரோலர் எஸ்டிஏ-வைக் கீழே இழுக்காமல் விட்டுவிட்டு, எஸ்சிஎல்-இல் 9 பல்ஸ் கொடுத்து, ஸ்டாப் சிக்னல் அனுப்புங்கள்.