சேலத்தில் பழைய கார்க் கண்காட்சியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சேலத்திலோ ஏற்காட்டிலோ பழைய கார்களின் கண்காட்சி நடக்கும்போது, பலர் வெயில் ஏறிய பிறகு குடும்பத்துடன் வந்து, பளபளக்கும் வண்டிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். நிற்கும் காரில் தெரிவது பாதிதான். மீதிப் பாதி அது ஓடி வரும்போதும், அதை வைத்திருப்பவர் பேசும்போதும்தான் கிடைக்கும். ஆகவே, வண்டிகள் திடலுக்குள் நுழையும் நேரத்தை முதல் நாளே கேட்டறிந்து, அதற்கு முன்பே போய்விடுங்கள். குளிர்ந்த இயந்திரத்துக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக் இழுத்த நிலையில், தயங்கித் தயங்கி ஓடும் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கருவி) இயந்திரத்தின் ஓசையைக் காலையில்தான் கேட்க முடியும்.

நம் பகுதியில் அதிகம் கண்ணில் படுபவை அம்பாசடரும் ஃபியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஆகும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி 1957இல் வெளிவந்த அம்பாசடர், 2014 வரை உற்பத்தியில் இருந்தது. அதன் உருவம் பெரிதாக மாறவில்லை என்றாலும் முன்பக்கக் கிரில் மாறிக்கொண்டே வந்ததால், பழகிய கண்கள் அதை வைத்தே வண்டியின் காலத்தைச் சொல்லிவிடும். பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய பின்னும் மக்கள் வாயில் ஃபியட்டாகவே நிலைத்துவிட்ட காரில், கியர் கம்பி ஸ்டீயரிங்குக்கு அருகில் இருப்பதைக் கவனியுங்கள். சென்னையில் தயாரான ஹெரால்டைக் கண்டால், பானட்டைத் திறந்து காட்டுமாறு உரிமையாளரிடம் கட்டாயம் கேளுங்கள். இரு மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்க, இயந்திரமும் முன்சக்கரங்களின் இணைப்புகளும் ஒருசேர வெளியே தெரியும் அமைப்பு அது. ஒரு கார் எப்படி இயங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

எல்லா வண்டிகளையும் பார்த்துவிட வேண்டும் என்று அலையாமல், இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பாருங்கள். வெளிப்பூச்சு புதிதாக இருந்தால், டிக்கி மூடியின் உட்புறத்தையும் கதவைத் திறந்ததும் தெரியும் சட்டத்தையும் நோக்குங்கள். பெயிண்டரின் கை எளிதில் எட்டாத அந்த இடங்களில் பழைய நிறம் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். கதவுக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தால் டிங்கரிங் வேலை செய்தவர் கைதேர்ந்தவர் என்று கொள்ளலாம். பள்ளத்தை நிரப்பும் பட்டி என்ற பசையைப் பூசி மறைத்த இடத்தைச் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஓரமாக நின்று பார்த்தால், அங்கு மட்டும் பிரதிபலிப்பு நெளிந்து தெரியும். கண்ணாடிபோல் மின்னும் வண்டியைவிட, தேய்ந்த சீட்டும் மங்கிய மூலப் பூச்சுமாக, ஆனால் நன்றாக ஓடுகிற வண்டியே மதிப்பு மிக்கது என்பது என் உறுதியான கருத்து.

எண்பலகையையும் படியுங்கள். சேலத்துக்கு டிஎன் 27 போன்ற குறியீடுகள் வருவதற்கு முன், எம்.ஜி.ஆரின் அம்பாசடருக்கு இருந்த டிஎம்எக்ஸ் 4777 போல, மூன்று எழுத்துகளும் எண்ணுமே வழக்கில் இருந்தன. விஏ என்ற எழுத்துகளைக் கண்டால், அது 2021இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த பாரம்பரிய வண்டியாகப் பதிவானது என்று பொருள். அத்தகைய வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்காகச் சாலையில் ஓட்டலாமே தவிர, அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது.

அனுமதியின்றித் தொடாதீர்கள், மோதிரம், இடுப்புப் பட்டையின் கொக்கி, பையின் ஜிப் ஆகியவை பூச்சைக் கீறிவிடும். பேச்சைத் தொடங்கும்போது விலையைக் கேட்காமல், “எத்தனை வருசமா வச்சிருக்கீங்கண்ணா, ஸ்பேர் எல்லாம் எங்க கிடைக்குது?” என்று கேளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் விசாரியுங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வையும் எத்தனால் கெடுக்கும் என்பதால், இவற்றை வைத்திருப்போருக்கு அது இன்றைய பெரிய கவலையாகும். அவர்கள் விரிவாகப் பேசுவார்கள், பொறுமையாகக் கேளுங்கள்.

தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். நண்பகலில் படம் எடுப்பதை விட்டுவிட்டு நிழலுக்குச் செல்லுங்கள். தட்டுவடை செட் சாப்பிட்ட கையோடு வண்டிகளின் பக்கம் வர வேண்டாம்.

வண்டிகள் ஏற்காடு மலை ஏறுவதாக இருந்தால் அதையும் காணுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில், வளைவின் உட்புறத்தில் நிற்பது ஆபத்தானது; சாலையை விட்டு விலகிய அகலமான இடத்தில் நில்லுங்கள். தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறும்போது பானட்டுக்குள் வெப்பம் கூடி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோவதுண்டு. ஓட்டுநர் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவதைக் கண்டால் காரணம் இதுதான். இறங்கும்போது டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதால், ஏறிய கியரிலேயே இறங்குகிற ஓட்டுநரே அனுபவசாலி.

மாலையில் வண்டிகள் புறப்படும்வரை இருங்கள். ஏதேனும் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் தள்ளச் சொன்னால், விளக்கிலோ மெல்லிய தகட்டிலோ கை வைக்காமல், உரிமையாளர் காட்டும் உறுதியான இடத்தில் கை வைத்துத் தள்ளுங்கள். இரண்டாம் கியரில் கிளட்சை விடும்போது வண்டி ஒரு கணம் தடைபட்டுக் குலுங்கும் என்பதால், அவர் குரல் கொடுத்ததும் கையை எடுத்துப் பக்கவாட்டில் விலகிவிட வேண்டும்.