'டக்' சத்தம் வரவில்லையா? காற்றை நிறுத்துங்கள்

போன வாரம் நீலகிரி கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு தம்பிகள் டிராக்டரின் பின் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 13.6-28 டயர். பஞ்சர் ஒட்டி, டியூபை உள்ளே வைத்து, காற்றும் ஏற்றிவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் டயரின் உள் விளிம்பு, அதாவது பீடு, ரிம்மில் உட்காரவில்லை. ஒருவன் டயர் மேல் ஏறி நின்று மிதிக்கிறான், இன்னொருவன் காற்று விட்டுக்கொண்டே இருக்கிறான். "இன்னும் கொஞ்சம் விட்டா டக்குனு உக்காந்துரும்ணா" என்றான். நான் போய் கம்ப்ரசரை நிறுத்தினேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

ஜாக்கிக்கு அடியில் பலகை வை, சரிவில் நின்றால் மற்ற டயர்களுக்குக் கல் கொடு என்பதெல்லாம் இந்த மலையில் சின்னப் பையனுக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, டயர் மாட்டும்போது நடக்கும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

பீடு உட்காரும்வரை காற்று ஏற்றுவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதில்தான்.

டயரின் உள் விளிம்பில், ரப்பருக்குள் எஃகுக் கம்பிகளைக் கட்டாக வைத்திருப்பார்கள். அதுதான் பீடு. ரிம்மில் துரு இருந்தாலோ, விளிம்பு காய்ந்திருந்தாலோ ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் மேலே ஏறிவிட, மாட்டிய இடத்துக் கம்பி மட்டும் மொத்த இழுப்பையும் தாங்கும். காற்று ஏற ஏற அது உட்காரப்போவதில்லை. அறுந்துதான் போகும்.

பீடு உட்காரவைக்கக் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது. காருக்குக்கூட அவ்வளவு விடுகிறோமே என்று கேட்பார்கள். கார் டயரின் பக்கச் சுவர் எவ்வளவு அகலம், இது எவ்வளவு அகலம்? 13.6-28 டயரில் ஒரு பக்கச் சுவரின் பரப்பை அளந்து 35 பிஎஸ்ஐக்குக் கணக்குப் போட்டால் 20 டன்னுக்கு மேல் வரும். அதன் மேல்தான் அந்தத் தம்பி ஏறி நின்று மிதித்தான்.

எனக்கு நடந்தது நஞ்சநாடு பக்கம், ஒரு மார்கழிக் காலையில். புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. கேரட் மூட்டை மெஷினுக்குப் போக வேண்டும், தோட்டக்காரர் தலைமேல் நின்று அவசரப்படுத்துகிறார். காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் கிடையாது. டயரைத் தட்டிப் பார்த்தே காற்று விட்டேன். கம்ப்ரசர் பெல்ட் நழுவும் சத்தம் கேட்டு நாலடி நகர்ந்தேன், வெடித்தது. டயர் மேல் சும்மா வைத்திருந்த லிவர் கம்பி தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. அந்தத் தகரம் வாய் பிளந்து வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று வாரம் காதுக்குள் விசில் ஊதியது. புது டயர் காசு சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்கு வருத்தமில்லை. அந்த நாலடி நகராமல் இருந்திருந்தால் என்பதை நினைத்தால்தான் இன்றும் கை நடுங்குகிறது.

சரி, உட்காரவில்லை என்றால் என்ன செய்வது? காற்றை முழுசாக இறக்குங்கள். வால்வு பின்னைக் கழற்றிவிடுங்கள். பீடைப் பிரித்து, ரிம்மில் துரு இருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். கெட்டியான சோப்புத் தண்ணீரை இரண்டு பக்கமும் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸ், ஆயில் வேண்டாம், ரப்பர் கெடும். அப்புறம் மறுபடி காற்று. ரிம்முக்குப் பக்கத்தில் டயரில் ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். அதற்கும் ரிம்முக்கும் சுற்றிலும் ஒரே இடைவெளி இருந்தால் பீடு உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் உட்காரவில்லை. 35 தொட்டும் ஆகவில்லையா, திரும்ப முதலிலிருந்து. உட்கார்ந்த பிறகு ஒரு தடவை காற்றை முழுக்க இறக்கி ஏற்றினால் டியூபில் விழுந்த மடிப்பும் நிமிரும்.

நம் ஊர்க் குளிரில் ரப்பர் விறைத்துக்கொள்ளும். டயரை ஒரு மணி நேரம் வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள், பாதிச் சண்டை குறையும்.

காற்று விடும்போது வால்வில் தானே கவ்வி நிற்கும் கிளிப், நீளமான ஹோஸ், கேஜ் மூன்றும் வேண்டும். பக்கச் சுவருக்கு நேராக நிற்காதீர்கள். பட்டன், அதாவது மண்ணைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டை, இருக்கும் பக்கம் தள்ளி நில்லுங்கள். சக்கரத்தைத் தரையில் படுக்கப்போட்டுக் குனிந்துகொண்டு காற்று விடுவதுதான் இருப்பதிலேயே மோசம்.

பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்து உட்காரவைப்பது

ஒரு தடவைகூட வேண்டாம்.

டயர் மாட்டிய ரிம்மில் வெல்டிங்

காற்றை இறக்கியிருந்தாலும் கூடாது. சூட்டில் ரப்பரிலிருந்து வரும் வாயுவே வெடிக்கும்.

வயலுக்கும் ரோட்டுக்கும் ஒரே காற்று

உழும்போது பின்பக்க டயரில் 12 முதல் 14 பிஎஸ்ஐ வைத்திருப்போம். மண்ணைப் பிடிக்க அது வேண்டும். அதே காற்றோடு டிரெய்லரில் உருளைக்கிழங்கு ஏற்றி மேட்டில் இழுத்தால் ரிம் சுற்றும், டயர் சுற்றாது. டியூப் டயரோடு நின்றுவிட, வால்வு மட்டும் ரிம்மோடு போகும். ஒரு நாள் அடியோடு பிய்ந்து வரும். தினமும் காலையில் வால்வைப் பாருங்கள். நேராக நின்றது சாய்ந்திருந்தால் டயர் நழுவ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ரோட்டு லோடுக்கு எவ்வளவு என்பது டிராக்டரோடு வந்த புத்தகத்தில் எடைவாரியாக இருக்கும், அதன்படி ஏற்றுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் காற்றடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று. கிட்டத்தட்ட 1900 மீட்டர் மேலே வருகிறீர்கள். உயரம் ஏறினால் கேஜ் கூடக் காட்டும், குளிர் ஏறினால் குறையக் காட்டும். கீழே பார்த்த கணக்கை நம்பாமல், மறுநாள் காலை வண்டி எடுக்கும் முன் இங்கேயே ஒரு தடவை பாருங்கள்.

டயரை நிறையத் தண்ணீரால் நிரப்புவது

எடை கூட்ட டயரில் தண்ணீர் விடும்போது வால்வை உச்சியில் நிறுத்தி, வால்வு மட்டத்துக்குத் தண்ணீர் வந்ததும் நிறுத்துங்கள். முக்கால் பங்கு அதுதான். மீதி காற்றுக்கான இடம். அதுவும் இல்லையென்றால் கல்லில் ஏறி இறங்கும்போது டயருக்கு அமுங்கிக்கொடுக்க வழியே இருக்காது.

பட்டன் திசை

பின்னால் நின்று பார்த்தால் கூரை மாதிரி, முனை மேலே தெரிய வேண்டும்.

நட்டு

மாட்டிய அன்றே முதல் லோடு இறக்கியதும் வீல் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றையும் எதிரெதிராக மறுபடி முறுக்குங்கள். கேத்தி தம்பிகளிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சோப்புத் தண்ணீர் போட்ட பிறகு அவர்கள் டயர் 28 பிஎஸ்ஐயிலேயே உட்கார்ந்தது.