பழைய காலண்டர் படம் கிடைத்ததும் செய்யக் கூடாதவை

பழைய காலண்டர் படங்களைப் புதிதாகச் சேர்க்க வருபவர்கள் அடுத்தடுத்து அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வெயிலில் மாட்டக் கூடாது, ஈரக்கையால் தொடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடலாம்.

லேமினேஷன்

கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) டி.எஸ். சுப்பையா போன்ற அவருடைய மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான முருகனும் லட்சுமியும் பூஜையறைச் சுவரிலிருந்து இறங்கி நேரே லேமினேஷன் கடைக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. படம் காலத்துக்கும் கெடாது என்று நம்பித்தான் செய்கிறார்கள். அந்தப் படத்தின் ஆயுள் அன்றே குறைந்துவிடுகிறது.

லேமினேஷன் உறையின் உட்புறம் முழுக்கப் பசை. 100 டிகிரிக்கு மேல் சூடான உருளைகள் அதை உருக்கிக் காகித நாருக்குள் இறக்கிவிடும். பிறகு உரித்தால் மையும் சேர்ந்து உரியும். கரைப்பான் ஊற்றினால் பசையோடு மையும் கரையலாம். அந்தக் காலத்து மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது. அதற்குள் தானாகவே அமிலம் ஊறும். இரு பக்கமும் அடைத்துவிட்டால் அமிலம் வெளியேற வழியின்றித் தாளை உள்ளிருந்தே நொறுக்கும். ஜிகினாவும் சமிக்கியும் ஒட்டி அலங்கரித்த படமென்றால் உருளை அவற்றை நசுக்கித் தாளில் பள்ளம் போட்டுவிடும்.

உறைதான் வேண்டுமென்றால் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். பிவிசி வேண்டாம். இரண்டு பக்கம் மட்டும் ஒட்டியதாக இருக்கட்டும். படத்துக்குப் பின்னால் அமிலமற்ற அட்டை ஒன்றைச் செருகுங்கள். மை உதிரும் படத்துக்கு இதுவும் ஆகாது, பாலியெஸ்டரின் நிலைமின்சாரம் துகள்களை இழுத்துக்கொள்ளும். அதை அமிலமற்ற தாளுக்குள் வைத்துப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள்.

செலோ டேப்

கூடவே கூடாது. கிழிசலுக்குப் பின்பக்கம் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும்.

ஓரத்தை வெட்டுவது

சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கீழ்ப்பட்டையை நறுக்கிவிடுகிறார்கள். காலண்டர் கொடுத்த கடையின் பெயரும் அச்சகத்தின் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படம் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல தடயம் கிடைக்காது. பெரிய சட்டம் வாங்குங்கள்.

கையெழுத்தைப் பார்த்து வயது சொல்வது

விற்பனையான படத்தை அச்சகங்கள் பல ஆண்டுகள் மறுபடி மறுபடி அச்சிட்டன. ஆகவே மூலையில் இருக்கும் ஓவியர் பெயர் அச்சின் வயதைச் சொல்லாது. 10 மடங்கு லென்ஸில் முகத்தைப் பாருங்கள். பழைய அச்சின் மைப்புள்ளிகளின் மேல் புதுப்புள்ளி வரிசை ஏறி அலையலையாகத் தெரிந்தால், அது அச்சுப்பிரதியை ஸ்கேன் செய்து எடுத்த மறுபதிப்பு. வரிசையே இல்லாமல் தெளித்த மாதிரி நுண்துளிகள் இருந்தால் அது இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த பிரதி.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படம்

இழுக்காதீர்கள், தண்ணீரும் தெளிக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். புதிதாகச் சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி இருக்கும்படி அட்டைச் சட்டம் வைக்கச் சொன்னால் இந்தத் தொல்லை வராது.