டயட்டீஷியன் ஆகணுமா? பட்டத்தின் பெயரை முதலில் பாருங்கள்

கோலாலம்பூரில் படிக்க நினைக்கும் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்: நியூட்ரிஷன் (சத்துணவியல்) பட்டம் வேறு, டயட்டெடிக்ஸ் (நோயாளிகளுக்கான உணவு முறை) பட்டம் வேறு. மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுத் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் (774-ஆம் சட்டம்) இரண்டையும் தனித்தனித் தொழிலாகவே பட்டியலிடுகிறது. நியூட்ரிஷன் முடித்து, ஆய்வு வழி முதுகலை செய்தால் டயட்டீஷியன் ஆகிவிடலாம் என்று நம்பிப் பணத்தைக் கட்டாதீர்கள். ஆய்வுப் படிப்பு மருத்துவமனை வார்டு பயிற்சிக்கு ஈடாகாது. யூகேஎம், புக்கிட் ஜாலிலில் இருக்கும் ஐஎம்யூ போன்ற பல்கலைக்கழகங்களின் 4 ஆண்டு டயட்டெடிக்ஸ் படிப்பில் அந்தப் பயிற்சி சேர்ந்தே வரும். சேருமுன், துணை மருத்துவத் தொழில் மன்றத்தில் பதிய அந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

பயிற்சிக்குப் போனதும் தடுமாற வைப்பது, நேற்று முழுக்க என்ன சாப்பிட்டார் என்று நோயாளியிடம் கேட்டு எழுதும் வேலை. "கொஞ்சம் சோறுதான்மா" என்பார் பாட்டி. அதை அப்படியே எழுதினால் கணக்கு கவிழ்ந்துவிடும். கையோடு ஒரு சீனக் கிண்ணம், ஒரு மேசைக்கரண்டி கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். மூன்றில் ஒரு கிண்ணச் சோற்றில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு பங்கு. பாட்டி காட்டுவது இரண்டு கிண்ணமாக இருந்தால் ஆறு பங்கு.

குடிப்பதைத் தனியாகக் கேளுங்கள். பலருக்கு, டின் பால் கலந்து ஆற்றும் தேநீரான தே தாரிக் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. ஒரு மேசைக்கரண்டி இனிப்பான கெட்டி டின் பால் ஏறக்குறைய 20 கிராம். அதில் பாதி சர்க்கரை.