ரெய்ஷி வளர்க்கப் போகிறீர்களா? முதலில் மரத்தூளைப் பாருங்கள்

ரெய்ஷி என்பது மரத்தூள் அடைத்த பைகளில் வளர்க்கும் மருத்துவக் காளான், கனோடெர்மா என்பது அதன் இனப்பெயர். மரத்தூளை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டால், பண்ணைக்கு வரும் புதியவர்கள் பலரும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள்: "எங்க ஊர் மரப்பட்டறையில சும்மாவே தர்றாங்க அண்ணே." நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஈரப்பதம், வித்து, பச்சைப் பூஞ்சை எல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிட்டு வேறு நான்கு தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத மரத்தூள்

காளான் எதில் வளர்கிறதோ அதிலிருக்கும் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். பட்டறையில் புது மரம், பழைய கதவு, ஜன்னல் எல்லாம் ஒரே ரம்பத்தில் அறுபடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், கரையான் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரமென்றால் தாமிரம், குரோமியத்தோடு ஆர்சனிக்கும் இருக்கலாம். இது எதுவும் தெரியாமல் 600 பை போட்டேன். விளைச்சல் அருமையாக வந்தது, ஆனால் வாங்க வந்த மருந்து கம்பெனி சாம்பிளைப் பரிசோதித்துவிட்டு ஈயம் அதிகம் என்று சொல்லிவிட்டது, ஒரு கிலோகூட விற்கவில்லை. மூலிகை மருந்துகளுக்கு ஆயுஷ் வரம்பு ஈயத்துக்கு 10 பிபிஎம் (கிலோவுக்கு 10 மில்லிகிராம்), ஆர்சனிக்குக்கு 3, பாதரசத்துக்கு 1, காட்மியத்துக்கு 0.3 மட்டும்தான்.

இதைச் சொன்னால், "ஆட்டோகிளேவில், அதான் அந்த நீராவி அழுத்தக் கலனில், 121 டிகிரியில் வேகவைக்கிறோமே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவழைப்பது இந்தக் கேள்விதான். அந்தச் சூட்டில் சாவது கிருமி, ஈயம் எங்கேயும் போகாது. காளானைக் காயவைத்தால் தண்ணீர் போய் எடை குறையும், உலோகம் அப்படியே நிற்கும், அதனால் கிலோவுக்கு அதன் அளவு ஏறத்தான் செய்யும்.

காயவைத்த காளானைப் பொடியாக்கி மாதக்கணக்கில் தினமும் சாப்பிடுகிறவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள். சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். ஈயம் எலும்பில் தங்கும், குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியையே கெடுக்கும். இப்போது நான் மாமரத்தை முழுக்கட்டையாக வாங்கி, கண்ணெதிரே அறுத்துத்தான் தூள் எடுக்கிறேன். செலவு கூடுதல்தான், பரவாயில்லை.

ஒரே உலோகப் பரிசோதனை ரிப்போர்ட்டை வருடக்கணக்கில் காட்டுவது

தூள் மாறினால் மறுபடியும் பரிசோதியுங்கள்.

தென்னந்தூரில் முளைத்ததைப் பறிப்பது

தஞ்சாவூர் வாடல் நோய் வந்த தென்னையில் முளைப்பதும் கனோடெர்மாதான். ஆனால் அந்த நோய்க்குத் தாமிரம் கலந்த போர்டோ கலவையைத்தான் தூரைச் சுற்றி ஊற்றுவார்கள். அந்தக் காளானைப் பறித்து ரெய்ஷி என்று விற்காதீர்கள்.

காட்டில் விளைந்தது சுத்தம் என்று நம்புவது

இமயமலையில் புழுவின் உடம்பில் முளைக்கும் கார்டிசெப்ஸ் காளானை, அதாவது உத்தராகண்டில் கீடா ஜடி என்பார்களே அதை, யாரும் மரத்தூளில் வளர்ப்பதில்லை. ஆனாலும் 2016இல் சீன உணவு, மருந்து நிர்வாகம் கார்டிசெப்ஸ் பொருட்களைச் சோதித்தபோது கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்சனிக் இருந்தது. அங்கே ஆரோக்கிய உணவுக்கு வரம்பு 1 மில்லிகிராம். போதாததற்கு, எடை கூட்ட அந்தப் புழுவுக்குள் ஈயக் கம்பி செருகி விற்கிறவர்களும் உண்டு. முழுசாக வாங்கினால் ஒன்றிரண்டை உடைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.