கோவிலுக்கு வராமல் நின்றுபோன குடும்பத்தைத் திரும்ப அழைப்பது எப்படி?

ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தை நாலைந்து வாரம் கோவிலில் காணவில்லை என்றால் "பின்வாங்கிட்டாங்க" என்று சபையில் பேச்சு கிளம்பிவிடும். உண்மையில் உபதேசத்தில் சந்தேகம் வந்து நின்றவர்கள் மிகக் குறைவு. மனம் நொந்து நின்றவர்களும், வெட்கப்பட்டு நின்றவர்களும், நின்றதை யாருமே விசாரிக்காததால் அப்படியே விட்டுவிட்டவர்களும்தான் அதிகம். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களை, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதிகளை, மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். மற்ற சபைகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஏன் நின்றார்கள்?

காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போனால் போன காரியம் கெடும். நம் சபைகளில் அடிக்கடி காண்பவை இவை.

சங்கப் பாக்கி, அதாவது சபைக்குக் கட்டவேண்டிய சந்தாவில் நிலுவை. மூன்று வருடம் சங்கம் கட்டாதவர், மகள் கல்யாண அறிவிப்பு வாசிக்கக் கேட்கும்போது கணக்குப் புத்தகம் நாலுபேர் முன்னால் திறக்கப்படும் என்று பயப்படுவார். அந்தப் பயத்திலேயே முன்கூட்டி ஒதுங்கிவிடுவார். ஏழ்மையைவிட இந்த வெட்கம்தான் ஆளைத் தடுக்கிறது.

தேர்தல். சேகரக் கமிட்டி, பெருமன்ற (பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தின் பிரதிநிதிகள் மன்றம்) தேர்தல் முடிந்ததும் தோற்ற பக்கத்தில் இரண்டு மூன்று வீடு குறையும். ஊர்ச் சண்டை, சொத்துச் சண்டை, சாதியைச் சொல்லிக் காட்டிய ஒரு வார்த்தை எல்லாம் இதோடு சேரும். சாதியால் காயப்பட்டவரிடம் "அதையெல்லாம் மறந்துடுங்க" என்று சொல்லவே கூடாது. பேசியவர் போய் மன்னிப்புக் கேட்காத வரை நம் அழைப்புக்கு மதிப்பில்லை.

துக்கம். கணவர் இறந்த முதல் மாதம் ஜெபத்துக்கு வீடு நிறைய ஆள் வருவார்கள். அதன்பின் அந்த அம்மா தனியாக நடந்து வரவேண்டும், வாசலில் ஒவ்வொருவரும் கணவர் இறந்ததைப் பற்றியே கேட்பார்கள். அதைத் தாங்க முடியாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நம் சபையிலிருந்து யாரும் போகாமல், வேறு சபையார் தினமும் வந்து ஜெபித்திருந்தால் அந்தக் குடும்பம் அங்கே போனதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்யும்) ஆராதனை முடிந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், ஞாயிறு விடுமுறை இல்லாத ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி வேலைக்காரர்கள், படியேற முடியாத, ஒலிபெருக்கி இரைச்சலில் பிரசங்கம் விளங்காத முதியவர்கள் ஆகியோர் வேறு ரகம். இவர்களுக்குத் தேவை ஆறுதல் வார்த்தை அல்ல, ஏற்பாடு: மாலை ஆராதனை, வாசலில் ஒரு சாய்தளம், வீட்டிலேயே நற்கருணை.

வராததை முதலில் கவனிக்க வேண்டும்

நூறு குடும்பத்துக்கு மேல் உள்ள சபையில் குருவானவரோ சபை ஊழியரோ ஒருவரே எல்லாரையும் கவனிக்க முடியாது. குடும்பப் பதிவேட்டை எடுத்துத் தெருவாரியாகப் பத்துப் பன்னிரண்டு வீடாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அதே தெருவில் குடியிருக்கும் இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். ஆராதனை முடிந்ததும் யார் வரவில்லை என்று ஒரு சின்ன நோட்டில் குறித்தால் போதும். மைக்கில் பெயர் வாசிக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

இரண்டு ஞாயிறு காணவில்லை என்றால் ஒரு போன். "உடம்பு சுகந்தானா?" என்ற கேள்வி மட்டும். நாலாவது ஞாயிறுக்குள் நேரில் போய்விட வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டால் ஞாயிறு காலைக்கு அவர்களுக்கு வேறு வழக்கம் வந்துவிடும். அதை மாற்றுவது இரட்டிப்பு வேலை.

வீட்டுக்குப் போகும்போது

இரண்டு பேர் போதும். ஐந்தாறு பேர் போனால் விசாரணைபோல் ஆகிவிடும். பெண்கள் மட்டும் இருக்கிற வீடென்றால் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவர் கட்டாயம் வரவேண்டும். சண்டையில் மறுபக்கம் இருந்தவர், பொருளாளர், தேர்தலில் நிற்கப் போகிறவர் ஆகிய மூவரும் போகக்கூடாது. தேர்தல் அறிவிப்பு வந்தபின் யார் போனாலும் ஓட்டுக்கென்றே நினைப்பார்கள். ரசீதுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பையில் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

முன்னாலேயே போன் செய்து, மாலை ஆறரைக்குமேல், சாப்பாட்டு நேரத்துக்கு முன் போங்கள். அரைமணி நேரத்துக்குமேல் உட்கார வேண்டாம். "ஏன் வரல?" என்று தொடங்காமல், "பாத்து நாளாச்சு, அதான் வந்தோம்" என்று தொடங்குங்கள். அவர்கள் கோபமாகக் கொட்டினால் குறுக்கே சமாதானம் சொல்லாதீர்கள். கமிட்டிக்காகவோ குருவானவருக்காகவோ வாதாடவும் வேண்டாம். சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்ற எபிரெயர் 10:25-ஐ எடுத்து நீட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதற்கு முந்தின வசனம் ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்கிறது. அதை நாம் செய்தோமா என்பதுதான் முதல் கேள்வி.

அதிகம் கெடுவது கடைசி ஜெபத்தில்தான். கண்ணை மூடியபின் "வழிதப்பிப்போன இந்தக் குடும்பத்தை மீட்டுக்கொள்ளும் ஆண்டவரே" என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால், அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டதெல்லாம் வீண். பதில் சொல்ல முடியாத நேரத்தில் குத்திக் காட்டியதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். "எதுக்காக ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். மகனுடைய வேலை என்றால் அதற்கு மட்டும், இரண்டு நிமிடம் ஜெபியுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த வேலை என்ன ஆயிற்று என்று மறக்காமல் விசாரியுங்கள்.

அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது. ஒரு விதிவிலக்கு: குழந்தைக்குப் பாலியல் தொந்தரவு நடந்ததாகத் தெரிந்தால் மூடி வைக்கவோ சபைக்குள் பேசித் தீர்க்கவோ முடியாது. 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

பாக்கியும் பகையும்

பாக்கிக் குடும்பங்களுக்குச் சேகரக் கமிட்டி முன்கூட்டியே பொதுவாக ஒரு முடிவு எடுத்து வைக்கட்டும். திருமண்டல விதி இடம்கொடுக்கும் அளவுக்குப் பழைய கணக்கைக் குறைத்து, நடப்பு வருடத்திலிருந்து கட்டச் சொல்லலாம். அதைக் குருவானவர் தனியாகச் சொல்ல வேண்டும். வந்த முதல் சில மாதம் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

பகை இருந்தால் மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் தனியே பேசட்டும். அது முடியாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொள்ளலாம். நாம் பலசமயம் மூன்றாவது படியான சபைக் கூட்டத்தை முதலில் வைத்துவிடுகிறோம். அங்கே இறங்கிப் போக யாருக்கும் மனம் வராது.

வருகிற முதல் ஞாயிறு

காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு அழைக்காதீர்கள். ஏலத்தில் கையைத் தூக்க முடியாதவருக்கு அது சங்கடம். சாதாரண ஞாயிறு நல்லது, அசன (சபை விருந்து) நாள் அதைவிட நல்லது. பந்தியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது பழைய உறவு தானாக ஒட்டிக்கொள்ளும். முந்தின இரவு காய் நறுக்கக் கூப்பிட்டால் இன்னும் விசேஷம்.

அன்று தெரிந்தவர் ஒருவர் வாசலிலிருந்தே கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு எண்ணை எடுத்துக் கொடுக்கட்டும். "அடேயப்பா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று வாசலில் கிண்டல் செய்பவர்களிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். பிரசங்கத்தில், வீட்டைவிட்டுப் போய் மனந்திரும்பி வந்த கெட்ட குமாரன் கதை வராமல் பார்ப்பதும் நல்லது. சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். ஆறு வாரம் போல ஒழுங்காக வந்தபின் பாடம் வாசிப்பதோ கோவில் அலங்காரமோ ஏதாவது சின்னப் பொறுப்பு கொடுங்கள்.

ஊர் மாறிப் போனவர்களைத் திரும்ப அழைத்து என்ன பயன்? போன ஊரில் சேர்த்துவிடுங்கள். சென்னை, பெங்களூர் என்றால் அங்குள்ள சி.எஸ்.ஐ. தமிழ்ச் சபைக் குருவானவருக்குப் போன் செய்து, மாற்றுக் கடிதமும் கொடுங்கள். வட இந்தியா என்றால் 1970-இல் உருவான சி.என்.ஐ. (வட இந்தியத் திருச்சபை) இருக்கிறது. அது நம்மோடு நற்கருணை ஐக்கியம் உள்ள திருச்சபைதான்.

வேறு சபையில் நிலையாகச் சேர்ந்துவிட்டவர்களை இழுக்க வேண்டாம். வீட்டில் நோய், துக்கம் என்றால் எப்போதும்போல் போய்வாருங்கள். "இனி வரமாட்டோம்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களிடமும் அப்படியே. அழைப்பை நிறுத்துங்கள், போக்குவரத்தை நிறுத்தாதீர்கள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பவனி அந்த வீட்டைத் தாண்டிப் போகாமல் வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டே போகட்டும், காணிக்கை உண்டியலை அங்கே நீட்டாமல்.